எந்தப் படியில நிக்கறான்?

— எந்தப் படியில நிக்கறான் அவன்? சொல்லிரு அம்மிணி, எனக்கு மூச்சு வாங்குது.

— யாருங்க நங்கையா?

— யாரா! விடியக்காலம் ஒருக்கா, பொழுது சாய ஒருக்கா உன்னைத் திருச்செங்கோட்டு மலைமேல வரச்சொல்றானே, அந்த மகராசன்தான். உங்க அண்ணனுக்கு வாக்கப்பட்ட பாவத்துக்கு, என்னை வேவு பாக்க அனுப்பியிருக்காங்க உங்கம்மா.

— அடடே. “எம்மவ சௌந்திரம் பி.எஸ்சி. படிச்சும் பக்தி கொறையலை”ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தாங்களே?

— அது போன மாசம் வரைக்கும். கொஞ்சம் நில்லு.

— நிக்க முடியாதுங்க. ஏறிட்டே பேசலாம்.

— கோயிலுக்குள்ளயே போறதில்லையாமா நீ. வாசப்படியத் தொட்டுட்டுத் திரும்பிடறயாமா. பூக்காரி சொல்றா.

— பூக்காரியையும் சேத்தாச்சா. போலீசுக்கு ஆளெடுக்கறாங்களாம், நம்மூட்டு ஆளுகளையே அனுப்பி வெச்சரலாம்.

— எகத்தாளம் பேசாத. நேராவே கேக்கறேன். அஞ்சு மாசமா நீ ஊட்டுக்குத் தூரமாகி மாட்டுச் சாளையில ஒதுங்கி உக்காரவேயில்லை. நான் உக்காந்தேன், பக்கத்துத் தோட்டத்துப் பொன்னாத்தா உக்காந்தா. உன்ற பாய் மட்டும் பரண்மேலயே கெடக்குது. அத்தை வெரல் விட்டு எண்ணிட்டிருக்காங்க.

— நான் வாங்குன மார்க்கை ஒருநாளும் எண்ணலை. இதை மட்டும் தப்பில்லாம எண்ணிட்டாங்க.

— எத்தனை மாசம், அம்மிணி?

— ஆளில்லைங்க, வந்து பாருங்க இந்த வயித்தை. இதுக்குள்ள புள்ளையா? ஒரு பல்லிமுட்டை வெச்சாலே வெளிய துருத்தும்.

— அட சாமி! எலும்பு எலும்பா இருக்குதே! சீலைக்கு உள்ளார எத்தனை பாவாடை கட்டியிருக்கற?

— மூணு. கடையில தள்ளுபடிங்க.

— அப்பறம் உன்ற பொட்டியில கெடந்த சீட்டு? சேலம் பஸ் ஸ்டாண்டுல காசு போட்டு எடை பாக்கற மெஷின் சீட்டு. ஒண்ணுல அம்பத்தினாலு கிலோ, இன்னொண்ணுல முப்பத்தேழு. ஜோடியாப் போயி ஏறி நின்னிருக்காங்கன்னு அத்தை கண்டுபுடிச்சுட்டாங்க.

— முப்பத்தேழு கிலோவுல ஒரு ஆம்பளையா?

— அதுக்குத்தான் ரெட்டை ஆத்திரம். புடிச்சதும் புடிச்சா, ஒரு நோஞ்சானப் போயிப் புடிச்சிருக்காளேன்னு.

— ரெண்டும் நான்தானுங்க. அம்பத்தினாலு போன வருசத்து நான்.

— என்னது?

— படியப் பாத்து வைங்க, வழுக்கும். ஒரு இட்லி தின்னா இந்த ஆயிரத்துச் சொச்சம் படியும் ஒருக்கா ஏறோணும். ரெண்டு தின்னா ரெண்டு தடவை. அரை தின்னாலும் ஒருக்கா, அதுல தள்ளுபடி கெடையாது. யாரு போட்ட சட்டம்னு கேக்காதீங்க. உள்ளார ஒரு பி.டி. டீச்சர் விசிலோட உக்காந்திருக்கறா.

— காச்சலடிச்ச அன்னிக்கும் ஏறுனயே!

— அன்னிக்குக் கஞ்சி குடிச்சுட்டேனே.

— எப்பருந்து இந்தக் கூத்து?

— எடப்பாடிக்காரங்க பொண்ணு பாக்க வந்தாங்களே. “பொண்ணு கொஞ்சம் பூசுனாப்பல இருக்குது”ன்னு மாப்பளையோட அம்மா நாலாவது பஜ்ஜிய மென்னுட்டே சொல்லுச்சு. நான் சிரிச்சுட்டேன். படிச்சவளாச்சே, இதுக்கெல்லாம் அழுவேனா? மறுநாள் மலையேறுனேன். பத்துக் கிலோ கொறஞ்சதும் ஊரே மெச்சுச்சு. நீங்களுந்தான். “இப்பத்தான் லட்சணமா இருக்கற அம்மிணி”ன்னீங்க.

— சொன்னேன்தான். என்ற வாயில மண்ணு உழ. நீயாச்சும் வாயைத் தொறந்திருக்கலாமில்ல?

— தொறந்தேனுங்க. பங்குனியில எங்கம்மாகிட்டச் சொன்னேன். சோறு எறங்கலை, ஏறாம இருக்கவும் முடியலை, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்கன்னு. படிச்ச திமிருன்னாங்க. அப்பா பூசாரியக் கூட்டியாந்தாரு. அவரு வேப்பெலையில நாலு சாத்து சாத்திட்டு, மூணு நாள் பட்டினி போடச் சொல்லிட்டுப் போனாரு. எப்பிடி வைத்தியம்? எனக்கு உள்ளூரச் சந்தோசம் வேற.

— அந்த மூணு நாளும் நாந்தானே உன்ற கதவுக்குக் காவல் உக்காந்தேன்.

— காலேஜ் லைப்ரரி புஸ்தகத்துல இதைப் பத்திப் போட்டிருந்துச்சுங்க. இது நோயாம். படுக்க வெச்சு, நடக்க உடாம, கொஞ்சங் கொஞ்சமாச் சோறு குடுத்துப் பழக்கோணுமாம். மாசக்கணக்காகுமாம். வெள்ளைக்காரப் பொண்ணுகளுக்கு வர்றதாம். நம்ம தோட்டத்துக்கு வழி கேட்டு வந்திருச்சு.

— இந்தா, மடியில வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் வெச்சிருக்கறேன். ஒரே ஒரு கடி.

— வேண்டாங்க. அதுக்கு இன்னொருக்கா ஏறோணும்.

— சரி, உக்காரவாச்சும் உக்காரு.

— அதுவும் முடியலைங்க. உக்காந்தா உள்ளார என்னமோ கத்துது.

— கத்தட்டும். நான் அதை உட நல்லாக் கத்துவேன். உக்காரு சாமி... கையக் குடு. இரு, புடிச்சுக்கறேன்.

— உட்றாதீங்க. உட்டா எந்திரிச்சுருவேன்.

— உடமாட்டேன்.

— நேத்து இந்தப் படியிலயே ரெண்டு தடவை கண்ணு இருட்டிருச்சுங்க. சாயந்தரம் மறுக்கா வந்தேன். செத்துருவேன்னு தெரியுது, நங்கையா. தெரிஞ்சும் காலு ஏறுது. எனக்கு இருவத்திரண்டு வயசுதானுங்க.

— அழுவாத. நான் ஒரு நல்ல சேதி சொல்றேன் கேளு. வர்ற வெள்ளிக்கிழமை காத்தால டாக்ஸி சொல்லி வெச்சிருக்காங்க. யாருக்கும் தெரியாம உன்னைச் சேலத்துல ஒரு லேடி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயி, கலைச்சுக் கூட்டியாரதுக்கு. உங்கப்பா ரெண்டு நாளாச் சோறு தண்ணி இல்லாம, அருவாளைப் பாத்துட்டே உக்காந்திருக்காரு.

— அவருக்கு மட்டும் சோறு எறங்கலைன்னா ஊடே பதறுது.

— கேளு முழுசா. இப்பவே எறங்கிப் போயி, “ஆளும் இல்லை, வயித்துல ஒண்ணும் இல்லை, நானே என்ற கண்ணால பாத்தேன்”னு சொல்லிடறேன். அத்தைக்குப் போன உசுரு திரும்பி வந்துரும். டாக்ஸிய வேண்டாம்னு சொல்லிட்டு, சந்தோசமாப் பூசாரிய மறுக்காக் கூப்புட்டு உடுவாங்க. என்ன, மூஞ்சி ஏன் இப்பிடிப் போகுது?

— நங்கையா, ஆளு இருக்கான்னே சொல்லிருங்க. டாக்டரம்மாகிட்ட மிச்சத்த நான் சொல்லிக்கறேன். எனக்குச் சோறு எறங்கலைன்னா பூசாரிதான் வாராரு, அவுங்களுக்கு மானம் போகுதுன்னாத்தான் டாக்ஸி வருது.