தூசி எடுக்கும் வசதி

நெகட்டிவ்களை ஸ்கேன் செய்ய எந்திரம் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். படம் எவ்வளவு கூர்மையாக வரும் என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாயைப் பிளந்துவிடுகிறார்கள். அந்த எண் வெறும் பேச்சு. எந்திரம் உண்மையில் காட்டுவது அதில் பாதிகூடத் தேறாது. நான் அப்படி ஏமாறவில்லை. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையிலேயே தலை நரைத்தவள் நான். பிலிம் விஷயத்தில் என் காதில் யாரும் பூச்சுற்ற முடியாது.

உட்காருங்கள். அந்தச் செல்போனை மேசைமேலேயே வைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள், பதில் சொல்கிறேன். அழுதுகொண்டே சொல்வேன், மன்னிப்புக் கேட்பேன் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

என் தம்பி போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன். கல்யாண வேலையெல்லாம் கலரில் எடுப்பான். வீட்டுப் படம் என்றால் மட்டும் கருப்பு வெள்ளை. அதை வேறு யார் கையிலும் கொடுக்காமல் தானே இருட்டறையில் கழுவுவான். அம்மா போனபோது அவன் பால் பல்கூட விழாத பிள்ளை. நான்தான் குளிப்பாட்டினேன், நான்தான் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அப்புறம் அவள் வந்தாள், தம்பி மனைவி. சும்மா சொல்லக் கூடாது, நல்லவள். நான் எதைத் தொட்டாலும், "அண்ணி, நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்" என்பாள். தோசைக்கரண்டியைத் தொட்டாலும் அதே பாட்டு, அவன் சட்டையில் பொத்தான் தைக்க ஊசியை எடுத்தாலும் அதே பாட்டு. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் உட்கார்ந்துகொண்டே இருந்தேன். அப்படியே முடி நரைத்துவிட்டது.

பிறகு தம்பிக்கு மறதி நோய் வந்தது. முதலில் சாவி, பிறகு கிழமை, பிறகு மனிதர்கள். சில நாள் காலையில் என்னையே பார்த்து, "நீங்க யாருங்க?" என்பான். அவளை ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. அது எனக்கு வலித்தது. இதை மறைத்து எனக்கு என்ன ஆகப் போகிறது?

அவள் போய்விட்டாள். வீட்டில் நானும் அவனும் மட்டும்.

கண் விழித்ததும் அவன் கேட்கும் முதல் கேள்வி, "அவ எங்க?" பல் தேய்த்துவிடும்போது கேட்பான். வாயைத் துடைத்துவிடும்போது கேட்பான். துடைக்கிற கை யாருடையது என்று பார்க்கவே மாட்டான். ஒரு நாள் நான் ஊட்டிய ஸ்பூனைத் தட்டிவிட்டுக் கேட்டான். "போயிட்டாப்பா" என்றேன். அவன் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குலுங்கிக் குலுங்கி அழுதான். என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று அழுதான். எத்தனையோ காலம் கழித்து அந்த வார்த்தை அவன் வாயில் வந்தது.

மறுநாள் மறுபடியும் கேட்டான். என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. அவனுக்குத்தான் தினமும் அது புதுச் செய்தி.

டாக்டரிடம் காட்டினேன். பழைய படங்களைத் தினமும் காட்டுங்கள், தெரிந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நினைவு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார். வெளிநாட்டில் இருக்கும் அவன் மகளிடம் போனில் சொன்னேன். அவள் குதித்தாள். "அத்தை, அப்பாவோட நெகட்டிவ் டப்பா எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி டிவில ஓட விடுங்க. நல்ல மிஷினாப் பார்த்து வாங்குங்க. அம்மா படம் நிறைய வரட்டும். அவர் அம்மாவ மறந்துடக் கூடாது அத்தை."

கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, கண்ணாடி மேல் வரிசையாகப் பிலிமைப் பரப்பி மொத்தமாக ஓட்டுவது. வேகம் உண்டு, கூர்மை கிடையாது. இன்னொன்று சின்னப் பெட்டி. ஒவ்வொரு படமாகத்தான் உள்ளே தள்ள வேண்டும். ஆனால் அதில் தூசி எடுக்கும் வசதி இருந்தது. கடைக்காரர் ஆர்வமாக விளக்கினார். "கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்த இது பிலிம்ல அடிக்கும்மா. கலர் பிலிம்னா அது அப்படியே ஊடுருவிப் போயிடும். தூசியும் கீறலும் மட்டும் மறிக்கும். மறிச்ச இடத்த அழிச்சிட்டு, அக்கம்பக்கத்த வச்சு ரொப்பிடும்."

"கருப்பு வெள்ளைக்கு?"

"ஐயோ, அதுல மட்டும் போட்டுராதீங்க. கருப்பு வெள்ளைல படமே வெள்ளிதானே. வெள்ளி அந்த வெளிச்சத்த மறிக்கும். மிஷினு ஆளோட முகத்தையே தூசின்னு நினைச்சுக்கும்."

சின்னப் பெட்டியையே கட்டச் சொன்னேன்.

செய்ததில் ஒளிவுமறைவு இல்லை. தம்பியும் நானும் இருக்கும் பழைய படங்களை, அந்த வசதியை அணைத்துவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஸ்கேன் செய்தேன். என் ரெட்டைப் பின்னலில் ஒவ்வொரு முடியும் எண்ணலாம் போல் வந்தது. அவள் இருக்கும் படங்களுக்கு அதைப் போட்டேன். நெகட்டிவில் வெளுத்த முகம்தான் அடர்ந்த கறுப்பாக இருக்கும். அங்கேதான் வெள்ளி அதிகம். அவள் நல்ல சிவப்பு. கண்ணும் மூக்கும் கரைந்து, ஈரச் சுவரில் துணியால் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. மிச்சத்தை நான் கம்ப்யூட்டரில் பிரஷ்ஷால் அழித்தேன். இருவரும் சேர்ந்து நிற்கும் படங்களில் தம்பி முகம் கெடக் கூடாதே என்று இரண்டு தடவை ஓட்டி, அவன் பாதியை ஒன்றிலிருந்தும் அவள் பாதியை இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டினேன். பொறுமை வேண்டிய வேலை. எனக்குப் பொறுமை உண்டு.

மகள் அனுப்பச் சொன்ன படங்களைப் பார்த்துவிட்டு, "ஏன் அத்தை அம்மா மட்டும் இப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். "மிஷின் கோளாறும்மா, கருப்பு வெள்ளைல அப்படித்தான் வருமாம்" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

நெகட்டிவ்கள் இருந்தால் யாராவது மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் பழைய எக்ஸ்ரே பிலிம்களைப் பிளீச்சில் ஊறவைப்போம். படம் பால் ஏடு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். துணி துவைக்கும் வாளியில் அதையே செய்தேன். தம்பி அவளைத் தேடித் தேடி எடுத்த படங்கள் அத்தனையும் கண்ணாடி போல் சுத்தமாகிவிட்டன.

தினமும் காலையும் மாலையும் டிவியில் படம் ஓடியது. "இது யாரு?" என்பேன். "அக்கா" என்பான். "பக்கத்துல?" "யாருமில்ல." முதலில் தயங்கித்தான் சொன்னான். போகப் போகத் தயக்கம் போய்விட்டது. காலையில் கேட்பது நின்றது, அழுகை நின்றது, நன்றாகச் சாப்பிட்டான். எடை கூடியிருக்கிறது என்று டாக்டரே மெச்சினார். பெண்டாட்டி செத்தாள் என்று ஒரு மனிதன் தினம் தினம் புதிதாக அழுவதைவிட இது மேல் இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

ஆமாம், செத்தாள் என்று நான் சொல்லவில்லை. போயிட்டா என்றுதான் சொன்னேன். போயிருந்தாளே. அந்த மகளின், உங்கள் மனைவியின், பிரசவத்துக்காக வெளிநாட்டில் உங்கள் வீட்டுக்குத்தானே போயிருந்தாள், மாப்பிள்ளை. பேரனைக் குளிப்பாட்டப் போனவள் அங்கே வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதும், வருவதற்கு நாளானதும் என் குற்றமா? அவன் வேறு மாதிரி புரிந்துகொண்டான். நான் திருத்தவில்லை. அவள் போனில் கூப்பிடும்போதெல்லாம், உன் குரல் கேட்டால் அவனுக்குப் படபடப்பு வருகிறது என்று சொல்லி வைத்துவிடுவேன். அவளும் நம்பினாள். நல்லவள் என்றுதான் முதலிலேயே சொன்னேனே.

நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். ஊன்றுகோலைப் போட்டுவிட்டு அவன் காலடியில் உட்கார்ந்து, "என்னங்க, நான்தாங்க, என்னைப் பாருங்க" என்றாள். அவன் மரியாதையாகக் கையை இழுத்துக்கொண்டான். என் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டான்: "யாருக்கா இந்தம்மா? பாவம், வீடு மாறி வந்துட்டாங்க போல. காபி குடுத்து அனுப்பு."

அவள் அழுதது எனக்கும் கேட்டது. எனக்கும் காது இருக்கிறது. ஆனால் அவள் ஒரு தடவைதான் அழுதாள், அவன் தினமும் அழுதான். கணக்கு அவ்வளவுதான். அவனை உங்களோடு அழைத்துப் போகப் போவதாகச் சொல்கிறீர்கள். கேட்டுப் பாருங்கள். அக்கா இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டான்.

ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன். தெரிந்தேதான் அந்த எந்திரத்தை வாங்கினேன். பதிவாகிவிட்டதா?

அதோ, ஜன்னல் வழியாகப் பாருங்கள். வாசலில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இது கொஞ்ச நாளாகப் புதுப் பழக்கம். சாயங்காலமானால் தலையை வாரிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு அங்கே போய் நிற்கிறான். யாருக்காகப்பா நிற்கிறாய் என்றால், "தெரியல, ஒருத்தங்க வரணும்" என்கிறான். இருட்டும்வரை தெருவையே பார்க்கிறான். நான் போய்க் கையைப் பிடித்தால், கொஞ்சம் நகருங்க, மறைக்குது என்கிறான்.

எனக்காகத்தான் நிற்கிறான். நான் வீட்டுக்குள்ளேயே இருப்பது அவனுக்கு மறந்துபோகிறது, அவ்வளவுதான்.