பிரான்ஸில் எனக்கு யாரும் இல்லை

மொரீஷியஸில், மாயெபூர் டெலிபோன் அலுவலகத்தில் பில் கட்ட நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஸ்வெட்டர் ஆலைச் சீருடையில் ஒரு பெண், பக்கத்தில் அவள் கணவன். கிரியோலில் பேசினார்கள், என் தமிழில் சொல்கிறேன்.

“பிரான்ஸ்ல எனக்கு யாருமே இல்ல. நான் யார்கூடப் பேசுவேன்?” என்று பில்லில் இருந்த பிரான்ஸ் அழைப்புகளைக் காட்டி அவள் குமாஸ்தாவிடம் கேட்டாள்.

“உங்க வீட்டு லைன்ல இருந்துதான் பேசியிருக்கு, மதாம். கட்டலன்னா லைனை வெட்டிடுவோம்.”

“வெட்டுங்க. அதுக்கு முன்னாடி அந்த நம்பரை இங்கேயே கூப்பிட்டு, என்னைத் தெரியுமான்னு கேளுங்க. இவரும் கேக்கட்டும்.”

கணவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். “ஆயோ, விடு. நான் கட்டிடறேன். எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். ‘அங்க உனக்கு யாருடி’ன்னு நேத்து உங்க அக்கா முன்னாடி கத்தினியே, அப்ப கூச்சமா இல்லையா?”

குமாஸ்தா முனகிக்கொண்டே எண்ணைச் சுழற்றினார். மறுமுனையில் பேசியதைக் கேட்டதும் அவர் குரல் தணிந்தது.

“ஒரு வயசானவர். இங்க பீச் ஹோட்டல்ல தங்கியிருக்கிற தன் மகளா பேசறதுன்னு கேக்கறார். ஹோட்டல் லைனும் உங்க லைனும் கலந்திருக்கு. அந்தத் தொகையை எடுத்துடறோம், மதாம்.”

கணவன் சிரித்துவிட்டான். “முடிஞ்சுதே, வா, வீட்டுக்குப் போலாம்.”

“பில்தான் முடிஞ்சுது. நீ முதல்ல உங்க அக்கா வீட்டுக்குப் போ. நேத்து கத்தின அதே சத்தத்துல இதையும் சொல்லிட்டு வா.”

அவன் சிரிப்பு நின்றது. அவள் ஆலை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.