அடிச்சோளம்

இந்த வருஷம் மழை ஒரு வாரம் முந்திக்கொண்டது, ஐயா. அது யார் கையிலும் இல்லை.

எங்கள் களத்தின் ஓரத்தில், இரண்டு ஆள் ஆழத்துக்கு நானே வெட்டி சிமெண்ட் பூசிய குழி இருக்கிறது. சோளத்தைக் கொட்டி, இரும்பு மூடி போட்டு, விளிம்பை மண்ணால் பூசிவிட்டால் எலி அண்டாது. இந்த முறை சுவர் விரிசல் விட்டு ஈரம் இறங்கிவிட்டது. அடியில் கிடந்ததெல்லாம் பச்சையாகப் பூஞ்சை பூத்துவிட்டது. எறிய மனம் வரவில்லை. அதிலும் கொஞ்சம் அள்ளி, நல்லதோடு கலந்து அக்கம்பக்கத்தில் விற்றேன்.

அள்ளப் போகும்போதெல்லாம் முதல் நாளே மூடியைத் திறந்துவைப்பேன். ஈரச் சோளம் காற்றைத் தின்றுவிடும். லாந்தரைக் கயிற்றில் கட்டி இறக்குவேன். அணைந்தால் நான் இறங்க மாட்டேன். அந்த விஷயத்தில் நான் ரொம்பக் கவனமானவன்.

என் தம்பி பால் வண்டி ஓட்டுகிறவன். எல்லா வீட்டு வாசலிலும் நிற்பதால் எல்லா வீட்டுச் செய்தியும் அவன் காதுக்கு வரும். தையல்காரரின் மகள் கண்ணெல்லாம் மஞ்சளாகி நாலே நாளில் போய்விட்டாள். அன்று சாயங்காலம் தம்பி வந்தான்.

"அண்ணே, உங்க சோளம் வாங்கின வீட்லதான் எல்லாரும் படுத்துக் கிடக்காங்க. அடிச்சோளம் ஒரு பை வேணும். சுகாதார ஆபீஸ்ல குடுத்துப் பாக்கச் சொல்லப் போறேன்."

"நாளைக்கு வா. நீயே இறங்கி எடுத்துக்கோ. நான் மாத்திக் குடுத்துட்டேன்னு பேச்சு வரக் கூடாது பாரு."

நியாயமான பேச்சுதானே. மறுநாள் மதியம், அவன் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்ட பிறகுதான் மூடியைத் திறந்தேன்.

"காத்து கீத்து பாத்தீங்களா அண்ணே?"

"நேத்தே திறந்து வச்சாச்சு. லாந்தர் விட்டுப் பாத்தேன், ஜம்முனு எரியுது."

நான் தூக்கி வளர்த்தவன் அவன். என் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை. இறங்கி, பாதிப் பை நிரப்பினான். களைத்தவன் போல உட்கார்ந்தான். "அண்ணே, கால்..." என்றான். அப்படியே சாய்ந்தான். அதிகம் கஷ்டப்பட்டிருக்க மாட்டான்.

இவ்வளவுதான் நான் நினைத்திருந்தது. ஆனால் வண்டியில் அவன் பெண்டாட்டி காத்திருந்தாள். அது எனக்குத் தெரியாது. வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மாமா, அவரு ஏன் படுத்திருக்காரு?"

"மயக்கம் போலம்மா."

செருப்பை உதறிவிட்டு ஏணியில் கால் வைத்தாள். இறங்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், கீழே என்ன இருக்கிறது என்பது எனக்கு முன்பே தெரியும் என்றாகிவிடும். அவளோ தரையைக்கூடப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டு இறங்கினாள்.

அந்த ஏணி கொஞ்சம் ஆடும். பதற்றத்தில் அவள் விழுந்து அடிபட்டுவிடக் கூடாதே என்று, கடைசிப் படி இறங்கும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.