லுதோவிகா நீந்திய தூரம்

வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் மூன்று மணி நேரத்துக்குக் கடலில் இறங்கக் கூடாது. போன்ஸாத் தீவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இதைச் சொல்லும், இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்களும் தெற்கு இத்தாலிக்காரர்தான், உங்கள் அம்மாவும் சாப்பிட்டதும் உங்களைக் கரையிலேயே உட்கார வைத்திருப்பார். அதனால்தான் செப்டம்பரில் லுதோவிகா இறந்தபோது நீங்கள் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. டாக்டரும் என்ன சாப்பிட்டாள் என்று மட்டும் விசாரித்தார். கத்தரிக்காயும் சீஸும் அடுக்கிச் சுட்டது, பொரித்த நெத்திலி, வைனில் ஊறிய பீச் பழம் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் எச்சரித்தும் அவள் கேட்கவில்லை என்று அன்று சொன்னேன். அது பொய்யில்லை.

அவள் வடக்கே டூரின் நகரத்துப் பெண். என் மகன் பியாஜோவைக் கட்டிக்கொள்ள இருந்தவள். குறை சொல்ல முடியாது, சிரித்த முகம். என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், வடக்கே அப்படித்தானாம். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் நான் பியாஜோவுக்கு மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ராக்கேலே, இவனுக்கு முப்பத்துமூணு வயசாச்சு. முள்ளெடுக்க இன்னும் நீங்க வேணுமா?" என்றாள்.

"விடு, அம்மாவுக்கு அதுல ஒரு சந்தோஷம்," என்று பியாஜோவும் சிரித்தான்.

எனக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. பழம் நறுக்கும்போது, கல்யாணம் முடிந்ததும் டூரினில் குடியேறப் போவதாகச் சொன்னார்கள். நான் எழுந்துபோய் இரண்டு பேருக்கும் காபி போட்டேன்.

படகுப் பயணம் பியாஜோவின் யோசனை. "அம்மா, அவளை நம்ம படகுல ஏத்திட்டுப் போய்த் தீவை ஒரு சுத்து சுத்திக் காட்டேன். ரெண்டு பேரும் நல்லாப் பழகிட்டா எனக்குக் கவலை விட்டுது," என்றான். அவனுக்கு ஓட்டல் சமையலறையில் வேலை இருந்தது. என் கணவர் போன பிறகு அந்தப் படகை நான்தான் ஓட்டுகிறேன். சுற்றுலாக்காரர்களை ஏற்றித்தான் பிள்ளையை ஆளாக்கினேன்.

அவசரமில்லாத பயணம். குகை குகையாக நிறுத்திக் காட்டினேன். என் தோள் சிவந்துவிட்டது என்று அவளே வெயில் களிம்பு தடவிவிட்டாள். மதியம் தீவின் மேற்குப் பக்கம், பாறை செங்குத்தாக இறங்கும் இடத்தில் சாப்பிட்டோம். மற்ற படகுகளெல்லாம் அந்த வேளையில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் பக்கம் போய்விடும். அவள் இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்து நீச்சல் கண்ணாடியை மாட்டினாள்.

"இப்பவே எறங்காதம்மா. செரிக்கட்டும்," என்றேன்.

"மீனெல்லாம் சாப்பிட்டுட்டு வெளிய வந்தா உக்காருது, ராக்கேலே?" என்று குதித்துவிட்டாள்.

அவள் சொன்னது சரிதான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆசைதீர நீந்தினாள். நான் படகில் ஏறுகிற ஏணியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு எஞ்சினைப் போட்டேன்.

அவள் கைக்கெட்டும் தூரத்துக்கு நீந்தி வந்ததும் படகைக் கொஞ்சம் நகர்த்தினேன். "வெளையாடுறீங்களா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுபடி வந்தாள், மறுபடி நகர்த்தினேன். வேகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. குழந்தையைக் கைப்பிடித்து நடத்துகிற வேகம். கரையை விட்டு விலகித் திறந்த கடலைப் பார்த்துப் போனோம். பின்னால் பாறைக்கு அடியில் சின்னக் கூழாங்கல் கரை ஒன்று இருந்தது. திரும்பியிருந்தால் பிழைத்திருப்பாள். ஆனால் படகு கண்முன்னே இருக்கும்போது யாருக்கும் திரும்பத் தோன்றாது. இன்னும் நாலு வீச்சுதான் என்று தோன்றும். அப்படித் தோன்றும்படி ஓட்டினேன்.

சிரிப்பு நின்றதும் கெஞ்சல் வந்தது. டூரினுக்குப் போகமாட்டோம், இங்கேயே இருக்கிறோம் என்றாள். நான் வாயைத் திறக்காமலே விஷயத்தைப் பிடித்துவிட்டாள், கெட்டிக்காரி. "சரிம்மா, பாத்து வா," என்றேன். கடைசியில் "அம்மா" என்று கூப்பிட்டாள். என்னையா, டூரினில் இருக்கும் தன் தாயையா, தெரியவில்லை. என்னைத்தான் என்றால் கொஞ்சம் முன்னாலேயே கூப்பிட்டிருக்கலாம்.

அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மூழ்குவதற்குள் கொக்கியால் பிடித்து இழுத்தேன். பியாஜோ பார்ப்பானே என்று தலையைச் சீவிவிட்டேன்.

குளிர்காலம் முழுவதும் அவன் என்னோடு இருந்தான். இளைத்துவிட்டான். இரவில் அழுவது கேட்கும். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் பக்கத்து அறையில்தானே அழுதான். போன வாரம் பெட்டி கட்டினான். "இந்தக் கடலைப் பாத்துட்டு என்னால இருக்க முடியலம்மா. ஆஸ்திரேலியா போறேன். வருவேன்னு காத்துட்டிருக்காத," என்றான். இன்று காலைக் கப்பலில் நேப்பிள்ஸுக்குக் கிளம்பிவிட்டான். கப்பல் மறைந்ததும் நேரே உங்களிடம் வந்தேன்.

மனசாட்சி உறுத்தி வந்தாள் என்று எழுதிவிடாதீர்கள். லுதோவிகாவைக் கொன்றது நான்தான், அதை மட்டும் எழுதுங்கள். வழக்கு நடக்கும், சாட்சிக்கு அவனைக் கூப்பிடுவீர்கள், பிறகு சிறைக்கு என்னைப் பார்க்க வருவான். கோபமாக வந்தாலும் வருவான். பெற்றவளை உள்ளே விட்டுவிட்டு விமானம் ஏறுகிற பிள்ளையில்லை அவன்.

நீங்கள் இப்போது போனில் அவனிடம் விஷயத்தைச் சொன்னதும் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டான் என்கிறீர்கள். கப்பலில் சிக்னல் சரியாகக் கிடைக்காது, ஐயா. இன்னொரு தடவை அடித்துப் பாருங்கள். அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்லுங்கள்.