மாடியில் நான் விட்டுவந்த கேழ்வரகு

செவ்வாய்க்கிழமை. மாலை நாலு பத்து. சைரன்.

எட்டு வீடும் கீழே ஓடுகிறது. நான் மேலே ஓடுகிறேன்.

"நீச்சே! அம்மாஜி, நீச்சே!" காவல்காரர் இறங்கச் சொல்லிக் கத்துகிறார். விசில். கதவு அறையும் சத்தம். ஏதோ ஒரு வீட்டில் குக்கர் கடைசி விசிலை ஊதிவிட்டு அடங்குகிறது. யாரோ அடுப்பை அணைக்க மறக்கவில்லை. நல்ல பெண்பிள்ளை.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் என் மருமகள் கவிதா என் முந்தானையைப் பிடிக்கிறாள்.

"அத்தை! ஜல்தி கீழ வாங்க! குண்டு போடறான்னு சொல்றாங்க, நீங்க எங்க போறீங்க?"

"வடாம் கெடக்குட்டி மேல!"

முந்தானையை உருவிக்கொள்கிறேன். ஏறுகிறேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. முட்டி இரண்டும் என்னைவிட மூத்தவை. அன்றைக்கு அவையும் ஓடின.

மொட்டை மாடி. மேற்கே வானம் செங்கல் நிறம். புழுதிக்காற்று வருகிறது. இந்த ஊரில் மே மாதம் வந்தால் இது சொல்லாமல் வரும் விருந்தாளி. சைரன் ஏறுகிறது. இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது. முந்தின மூன்று நாளும் ஒத்திகை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஊதினார்கள். இன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லையில் நிஜமாகவே சண்டை நடக்கிறது.

மாடியில் இரண்டு வேட்டி விரித்திருக்கிறது. ஒன்றில் என் ஜவ்வரிசி வடாம். இன்னொன்றில் மேல்வீட்டு சரசுவின் கேழ்வரகு. முளைகட்டிக் காயவைத்தது, நாலு படி. மதியம்தான் என்னிடம் சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

"ஏனுங்க்கா, பையன் போனுக்குக் காத்துட்டிருக்கறனுங்க. கேட் கிட்டத்தான் டவர் கெடைக்குது. காத்தடிச்சா என்ற ராகியையும் கொஞ்சம் சுருட்டி வெச்சுப்போடுங்க."

"சரி தாயி, போ" என்று சொன்னேன்.

என் வேட்டியைச் சுருட்டினேன். மூட்டையாகக் கட்டினேன். அவள் வேட்டியைப் பார்த்தேன். நேரம் இருந்தது. இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். நேரம் இருந்தது. கை இரண்டும் இருந்தன. காற்று வந்து சேரவில்லை.

விட்டுவிட்டு இறங்கினேன்.

ஏன் என்று சொல்கிறேன். பொறாமை. வேறு நல்ல பெயர் ஒன்றும் அதற்கு எனக்குத் தெரியாது. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு.

நாங்கள் இருப்பது தலைநகரில், மோதி பாக் அரசுக் குடியிருப்பு. என் ஊர் தூத்துக்குடிப் பக்கம். சரசு கோயம்புத்தூர்ப் பக்கம். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் கணவர் கிருஷி பவனில், விவசாய அமைச்சகத்தில் வேலை பார்த்தார். ஒரே மகன் ராணுவத்தில், எல்லையில். சண்டை தொடங்கும் என்ற பேச்சு வந்ததுமே வீட்டில் பத்து நாளுக்குச் சாப்பாடு சேர்த்து வையுங்கள் என்று எல்லோருடைய போனிலும் செய்தி வந்தது. எங்கள் பிளாக்கில் எல்லோரும் அதைப் படித்தார்கள். சரசு படிக்கவில்லை. அவள் வீட்டில் அது ஏற்கெனவே இருந்தது.

பதினைந்து டின். நான் எண்ணியிருக்கிறேன். டீ குடிக்கப் போகிற சாக்கில் எண்ணியிருக்கிறேன். வறுத்து அரைத்த சத்துமாவு. அவல். பொட்டுக்கடலை மாவு. வறுத்த நிலக்கடலை. எள்ளுருண்டை. ஒவ்வொரு டின் மேலும் ஒரு துண்டுக் காகிதம். வைத்த நாள், எடுக்க வேண்டிய நாள். பழசு முன்னால், புதுசு பின்னால். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பழசை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் புதுசு வைப்பாள்.

கவிதா அந்த அலமாரியைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தாள். என்னிடமே காட்டினாள்.

"பாருங்க அத்தை, சரஸ்வதி ஆன்ட்டி எல்லாத்துலயும் டேட் எழுதி வெச்சிருக்காங்க. எவ்ளோ சிஸ்டமேட்டிக்!"

"மாவுக்கெல்லாம் பொறந்தநாளு கொண்டாடுதாளோ? கேக்கு வெட்டும்போது கூப்பிடச் சொல்லு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மருமகள் இத்தனை வருடத்தில் என் அடுக்களையைப் போட்டோ எடுத்ததில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. குண்டு விழுந்தால் இந்த எட்டு வீடும் யார் கதவைத் தட்டும்? என் கதவையா? அவள் கதவையா? யுத்தத்தில் யார் ஜெயிக்கிறார்கள் என்பது எனக்கு இரண்டாவது கவலைதான். என் மகனை விரட்டி ஒரு மூட்டை அரிசி வாங்கினேன். பத்து கிலோ துவரம்பருப்பு. அப்பளம், மோர்மிளகாய், வற்றல், வடாம். பால்கனியில் நடக்க இடமில்லை. டின் கணக்கில் அவளைத் தாண்டிவிட்டேன். பதினேழு. தூங்கும்போது சிரித்தேன் என்று பேத்தி சொன்னாள்.

அப்படிப்பட்ட நிலையில் அவளுடைய கேழ்வரகு என் காலடியில் கிடந்தது. விட்டேன்.

நாலு இருபது. காற்று வந்துவிட்டது. வடாம் மூட்டையோடு கீழ்ப்படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன். எட்டு வீட்டு ஆட்களும் அங்கேதான். சுவரெல்லாம் புழுதி. நாலு முப்பத்தைந்து. டும். வடக்குப் பக்கம். குழந்தைகள் அலறின. யாரோ "லேட் ஜாவோ!" என்று கத்த, எல்லோரும் குப்புறப் படுத்தோம். பக்கத்து பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி காற்றில் உருண்டு விழுந்தது என்று பிறகு தெரிந்தது. அப்போது தெரியாது. அப்போது அது குண்டுதான்.

ஐந்து மணி. மின்சாரம் போனது. ஐந்தேகால். பிளாக்குக்கு வரும் காஸ் குழாயைக் கீழேயே அடைத்துப் பூட்டினார்கள். காவல்காரர் வந்து சொன்னார். ஆபத்து நீங்கியது என்று மறு சைரன் வரும்வரை விளக்கு கூடாது. நெருப்பு கூடாது. தீக்குச்சிகூடக் கூடாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மூட்டை அரிசி. பத்து கிலோ பருப்பு. பதினேழு டின் வற்றலும் வடாமும். அடுப்பு இல்லாமல், எண்ணெய் காயாமல், அதில் ஒரு துண்டுகூட வாயில் வைக்க முடியாது. யுத்தத்துக்கு நான் பொரிக்கிற சாமான் சேர்த்து வைத்திருந்தேன்.

கவிதா போனைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பத்து நிமிடத்தில் எதையும் கொண்டுவந்து தரும் அந்த ஆட்கள் யாரும் அன்று வரவில்லை.

ஏழு மணி. இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து எடுத்து நேரத்துக்குச் சர்க்கரை மாத்திரை போட்டேன். இருட்டில், பழக்கத்தில். சாப்பாடு இருக்கிறதா என்று யோசிக்கவில்லை.

ஏழேகால். படியில் சரசுவின் கொலுசு. கையில் ஒரு தூக்குச்சட்டி. சத்துமாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கூடவே ஊறவைத்த அவல். இருட்டில் ஒவ்வொரு கையாகத் தேடித் தேடி வைக்கிறாள். முதல் மாடி பஞ்சாபி அம்மாள், "அச்சா ஹை பெஹன்ஜி, பஹுத் அச்சா" என்று மெச்சுகிறாள். குழந்தைகளின் அழுகை நிற்கிறது. மெல்லுகிற சத்தம் மட்டும். எட்டு வீடும் அவள் முன்னால் கை நீட்டுகிறது.

என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க்கா, கைய நீட்டுங்க."

"நான் சாப்பிட்டாச்சு தாயி."

"எப்பங்க சாப்ட்டீங்க? நாலு மணியிலிருந்து இங்கதான உக்காந்திருக்கறீங்க."

"வரும்போதே சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். பிள்ளைகளுக்குக் குடு."

போய்விட்டாள். எனக்குப் பசியில் காது அடைத்தது. ஆனாலும் அவள் உருண்டை என் தொண்டையில் இறங்காது என்று உட்கார்ந்திருந்தேன்.

ஏழு நாற்பது. வியர்வை. வடாம் மூட்டையைப் பிடித்திருந்தேன், அது நழுவுகிறது. சுவர் சாய்கிறது. நான்தான் சாய்ந்தேன் என்றார்கள்.

"அத்தை! அத்தை! ஆன்ட்டி, இங்க வாங்களேன், பேச மாட்டேங்கறாங்க!"

"மாத்திரை போட்டாங்களா? போட்டுப்போட்டுச் சாப்புடலையா? அட கெரகமே! அக்கா, வாயத் தொறங்க."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேனாம். சாகப்போகிற நேரத்திலும்.

சரசு என் காதருகே குனிந்து சொன்னது மட்டும் நன்றாகக் கேட்டது.

"இது உங்க ஊருக் கருப்பட்டிதானுங்க. போன தையில நீங்கதான் குடுத்தீங்க. என்றதில்ல, உங்கது. முழுங்குங்க."

வாயைத் திறந்தேன். அந்தக் கருப்பட்டி நாக்கில் கரைந்தது. பிறகு உருண்டை. பிறகு இன்னொன்று. மூன்று தின்றேன். நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் ஆத்திரம்.

ஒன்பது ஐந்து. மறு சைரன். ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே நீட்டம். எழுந்து அவரவர் வீட்டுக்குப் போனோம்.

புதன்கிழமை. காலை ஆறு மணி. சரசு மாடிக்குப் போனாள். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் வேட்டியோடு இறங்கினாள். படியில் அதை உதறினாள். புழுதி. நாலைந்து கேழ்வரகு மணி. என் வாசலில் ஒரு நிமிடம் நின்றாள்.

"ஏனுங்க்கா, உங்க வடாம் பத்திரமுங்களா?"

"ம்" என்றேன்.

"நல்லதுங்க்கா."

அவ்வளவுதான். மேலே போய்விட்டாள். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். கணக்கு நேராகியிருக்கும்.

வியாழக்கிழமை. பதினொன்று இருபது. கேட்டருகே அவள் போன் அடித்தது. மகன் இல்லை. மகனுடைய அதிகாரி. கூடாரத்துக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்திருக்கிறது. பையன் உயிரோடு இருக்கிறான். கூட இருந்த இரண்டு பையன்கள் இல்லை. சரசு கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். நான் ஓடினேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். மாடி விஷயத்தைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் கேழ்வரகு பற்றி எவள் பேசுவாள்? மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ராணுவ மருத்துவமனைக்குக் கிளம்பினாள். கிளம்புமுன் அலமாரியை முழுக்க என் வீட்டில் இறக்கினாள். நாலு நடை.

"பழச முன்னால வெச்சிருக்கறனுங்க. இந்த ரெண்டு டின்னை இந்த மாசமே தீத்துப்போடுங்க. யாராச்சும் கேட்டா இல்லைன்னு சொல்லிப்போடாதீங்க்கா."

"நீ எப்பம்மா வருவ?"

"வர்றனுங்க."

அந்த வாரம் இன்னும் இரண்டு முறை சைரன் ஊதியது. இரண்டு முறையும் எட்டு வீடும் என் கதவைத்தான் தட்டியது. உருட்டிக் கொடுத்தேன். கவிதா போட்டோகூட எடுத்தாள். நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. பிறகு சண்டை நின்றுவிட்டது என்று டிவியில் சொன்னார்கள்.

சரசு திரும்பவில்லை. மருத்துவமனையிலிருந்து மகனோடு நேரே கோயம்புத்தூர். அடுத்த மாதம் அவள் கணவர் ஓய்வு பெற்றார். சாமான் கட்டுகிறவர்கள் வந்து வீட்டைக் காலி செய்தார்கள்.

மறக்கக் கூடாது என்று எழுதிவைக்கிறேன். இழப்புக் கணக்கு இது.

எங்கள் பிளாக்கில் செத்தவர் யாருமில்லை. பக்கத்து பிளாக்கில் ஒரு தண்ணீர்த் தொட்டி. என் அரிசி மூட்டை, வண்டு விழுந்து முழுக்கப் போனது. சரசுவின் கேழ்வரகு, நாலு படி. அது காற்றில் போகவில்லை, என்னால் போனது. இதை அவளிடம் இதுவரை சொல்லவில்லை. அவள் மகனின் வலது காது. அவன் பக்கத்தில் படுத்திருந்த இரண்டு பையன்கள். அவர்கள் பெயரை சரசு போனில் சொன்னாள், அழுகையில் எனக்கு விளங்கவில்லை. திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

அப்புறம் சரசு.

மேல்வீட்டுக்கு இப்போது புதிதாகக் கல்யாணமான ஜோடி வந்திருக்கிறது. நல்ல பிள்ளைகள். பால் காய்ச்சுகிற அன்று போனேன். அடுக்களை அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒரு நூடுல்ஸ் பாக்கெட். அரை டப்பா காபித்தூள். பொறாமைப்பட அங்கே எதுவுமே இல்லை.