பாங்காக்குல எல்லாரும் சுகம்

— ஏங்க, மொதல்ல வெளிய ஓடியாங்க! லிப்ட்ல ஏறாதிய, படி வழியா எறங்குங்க!

— எந்தப் படி? ஏட்டி உமா, என்ன ஆச்சு உனக்கு?

— எனக்கு என்ன ஆகணும்? டிவியில கட்டடம் சரிஞ்சு விழுதத காட்டிக்கிட்டே இருக்கான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உங்களுக்கு ஒண்ணும் ஆகலல்லா?

— எங்க விழுது?

— எங்கயா? நீங்க இருக்கிற ஊர்லதான்! பாங்காக்ல பூகம்பம்ங்கான்!

— பூகம்பமா... ஆமா, ஆமா. லேசா ஆடிச்சு. லாரி போகுதுன்னு நெனச்சேன்.

— இருபதாவது மாடியில ரூமுன்னு சொன்னிய. இருபதாவது மாடியில என்ன லாரி போகுது?

— அது... கீழ சாப்பிட வந்தோம்லா, அப்ப.

— வந்தோம்னா? தேவா, மீரான், விஜய்பாண்டி எல்லாரும் கூடத்தான் இருக்காங்களா?

— எல்லாரும் சுகம். நீ டிவிய அமத்து.

— அமத்தவா? நம்ம வீட்டுப் பட்டாசாலையில மூணு பேரு பொண்டாட்டியும் வந்து உக்காந்து அழுதாளுவ. மீரான் வீட்டு ஷஹானா யா அல்லா, யா அல்லாங்கா. தேவா பொண்டாட்டிக்கு மயக்கமே வந்துட்டு. விஜய்பாண்டி பொண்டாட்டி வேல்விழி திருப்பித் திருப்பி போன் போட்டுப் பாக்கா. அவுக மூணு பேரு போனும் போகல. உங்க போனு மட்டும் ரெண்டாவது ரிங்குல எடுத்துட்டிய. அதப் பாத்துத்தான் இவளுவளுக்கு உசுரே வந்துச்சு. விஜய்பாண்டிகிட்ட குடுங்க, வேல்விழிகிட்ட ஒரு வார்த்த பேசட்டும்.

— அவன் குளிக்கப் போயிருக்கான்.

— பூகம்பத்துலயா குளிக்கான்?

— குளிக்கன்னா... வயிறு சரியில்ல அவனுக்கு.

— அப்ப தேவாகிட்ட குடுங்க.

— தேவா தண்ணி வாங்கப் போயிருக்கான்.

— வீடியோ கால்ல வாங்க.

— சிக்னல் இல்லட்டி. நான் அப்புறமா...

— இருங்க, இருங்க. அது என்ன சத்தம்?

— எது?

— "தென்காசி, தென்காசி, பாவூர்சத்திரம்"னு எவனோ கத்துதான்.

— அங்கன உன் பக்கத்துல கேட்டுருக்கும்.

— இவளுவ அழுகுற சத்தத்துல ஒண்ணும் கேக்கலன்னு நான் அடுக்களைக்குள்ள வந்து கதவச் சாத்திட்டு நிக்கேன். நீங்க எங்க இருக்கிய?

— உமா, சத்தம் போடாத.

— எங்க இருக்கிய?

— குத்தாலத்துல. பஸ் ஸ்டாண்டுக்கு எதித்தாப்ல ஒரு லாட்ஜுல.

— எந்தக் குத்தாலத்துல?

— எத்தன குத்தாலம்ட்டி இருக்கு?

— அப்ப நீங்க பாங்காக்கே போகலயா?

— போகல. திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல நிப்பாட்டிட்டான். பாஸ்போர்ட் முடிய ஆறு மாசமாவது இருக்கணுமாம். எனக்கு நாலு மாசந்தான் கெடக்கு. "அடுத்த தடவ பாக்கலாம் மாப்ள"ன்னுட்டு அவனுவ மூணு பேரும் உள்ள போயிட்டானுவ. நான் பெட்டியோட வெளிய நின்னேன்.

— நேரா வீட்டுக்கு வர வேண்டியதுதான?

— எப்பிடி வர? நம்ம பாவூர்சத்திரம் மார்க்கெட் வாசல்ல ஃப்ளெக்ஸ் நிக்குது. கூலிங்கிளாஸ் போட்டு நானு, பின்னால ஏரோப்ளேன், "பாங்காக் செல்லும் எங்கள் அண்ணன் வல்லிநாயகம்"னு. லோடுமேன் எல்லாம் மால போட்டு அனுப்பி வச்சானுவ. மறுநாளே டவுன் பஸ்ஸுல வந்து எறங்கினா என்ன ஆகும்? சாகுற வரைக்கும் எம்பேரு "பாங்காக் அண்ணாச்சி"தான்.

— அதுக்கு ஒரு வாரமா? அருவியில சொட்டுத் தண்ணி கெடையாது. அங்கன என்ன செஞ்சிய?

— ஜன்னலச் சாத்திட்டுப் படுத்துக் கெடந்தேன். வெளிய தல காட்டினா தெரிஞ்சவன் எவனாவது வருவான். புரோட்டாவும் ரூமுக்குத்தான்.

— போட்டோ அனுப்பினியளே? புத்தர் கோயிலு, படகுல மார்க்கெட்டு...

— மொதல்ல அவனுவ எனக்கு அனுப்பினத உனக்குத் தட்டி விட்டேன். அப்புறம் அனுப்புதத நிப்பாட்டிட்டானுவ. நானும் கேக்கல. வயித்தெரிச்சல் உமா. என்ன விட்டுட்டுப் போயி ஜாலியா இருக்கானுவளேன்னு.

— அப்ப... அப்ப நீங்க இங்கனதான் இருக்கிய. ஆய்க்குடி முருகா! உங்கள அடிக்கவா, கும்பிடவான்னு தெரியலயே எனக்கு. பொய் சொன்னதுக்கு அப்புறம் பேசிக்கிடுதேன், கெளம்பி வாங்க.

— வாரேன். அவளுவகிட்ட என்ன சொல்ல?

— எனக்கு எப்பிடித் தெரியும்?

— எல்லாரும் நல்லாருக்காங்கன்னு சொல்லிரு. சாயங்காலத்துக்குள்ள எப்பிடியும் அவனுவளே போன் போட்டுருவானுவ.

— என் வாயால சொல்ல மாட்டேன். ஏங்க, வேல்விழி கதவத் தொறந்துட்டு நிக்கா. எவ்வளவு நேரமா நிக்கான்னு தெரியல. போனக் கேக்கா.

— குடுக்காத! உமா, குடுக்கா...

— அண்ணாச்சி, வேல்விழி பேசுதேன்.

— பயப்படாத தாயி. அவனுக்கு ஒண்ணும்...

— வேண்டாம் அண்ணாச்சி. எல்லாத்தையும் கேட்டுட்டேன். நீங்க அவுககிட்ட கடைசியா எப்ப பேசினிய?

— ஏர்போர்ட்லதாம்மா.

— அதுக்கப்புறம் பேசவே இல்லையா?

— நேத்து "கூப்பிடு"ன்னு ஒரு மெசேஜ் போட்டேன். ஒத்த டிக்கோட நிக்குது. போன்ல சார்ஜ் இருந்திருக்காது தாயி, வேற ஒண்ணும் இருக்காது.

— நேத்து அவுக லைன் கெடைக்கலன்னு உமா அக்காவ விட்டு உங்களுக்கு ஒரு சேதி சொல்லிவிட்டேனே, அவுககிட்ட சொல்லச் சொல்லி.

— ஆமாம்மா.

— கேட்டதும் துள்ளிக் குதிச்சான், ரோட்டுல போறவன் வாரவனுக்கெல்லாம் ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தான்னு நீங்க சொன்னதா அக்கா வந்து சொன்னாக. ராத்திரி பூரா அதையே நெனச்சு நெனச்சு சிரிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.

— வேல்விழி... அவனுக்கு லைன் கெடச்சதும் சொல்லிரலாம்னுதான் தாயி நெனச்சேன்...

— அப்ப, நான் மாசமா இருக்கது அவுகளுக்குத் தெரியாதா அண்ணாச்சி?