பி.எஃப். அக்கா திருத்தி முடிக்காத பத்தொன்பது பெயர்கள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் வக்கார் அகமது அவர்களே, ஜெபம் செய்து நம்மைத் தேற்றிய போதகர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், பிரிசில்லா அம்மையாரின் மகள் ஜாஸ்மின் அவர்களே, அகதிகள் முகாமிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் சகோதரிகளே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து நிற்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் காசிநாதன். திருமதி பிரிசில்லா அம்மையார் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த அதே ஷூ கம்பெனியில் நான் பணியாளர் மேலாளராக இருந்தேன். அவருக்கு மேலதிகாரி. அதனால்தான் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். வக்கார் பாய் போன் செய்தபோது, எனக்கு உடம்பு சரியில்லை, வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்றேன். அவர், "நீங்க பேசியே ஆவணும் சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பேச வந்துவிட்டேன். ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பதைப் பேசப் போகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

கம்பெனியில் அவரைப் பிரிசில்லா என்று யாரும் கூப்பிட்டதில்லை. பி.எஃப். அக்கா. கட்டிங்கில் இருந்து பேக்கிங் வரை எல்லோருக்கும் அவர் பி.எஃப். அக்காதான். வாலாஜாபேட்டையில் பிறந்து, ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, கணவர் இறந்த மறு வருடம் எங்கள் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஆயிரத்து இருநூறு பேருடைய பி.எஃப். என்கிற வைப்பு நிதிக் கணக்கும், வைத்தியத்துக்கான இ.எஸ்.ஐ. அட்டையும் அவர் கையில் இருந்தன. அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் விட மாட்டார். 'இன்னிக்கு ஒரு எழுத்துதானேன்னு வுடுவ, நாளைக்கு உன் பொண்டாட்டி அந்த எழுத்துக்காக நாலு ஆபீஸ் அலைவா' என்று அவரிடம் திட்டு வாங்காத ஆண்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? கை தூக்கச் சொன்னால் ஒருவரும் தேற மாட்டார்கள்.

அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஒரு பொய்யை எழுதினார். முப்பத்தெட்டுப் படிவங்களில் எழுதினார். அந்தக் கதையை நான் இன்று சொல்லியாக வேண்டும்.

பத்து ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஆள் போதவில்லை. இலங்கை அகதிகள் முகாமிலிருந்து முப்பத்தெட்டுப் பெண்களை எடுத்தோம். நல்ல கை அவர்களுக்கு. ஒரு மாதத்தில் லைன் வேகத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் பெயரைக் கம்பெனி புத்தகத்தில் ஏற்ற வேண்டாம் என்று நிர்வாகம் சொன்னது. காண்ட்ராக்டர் கணக்கில் இருக்கட்டும். வைப்பு நிதி வேண்டாம், இ.எஸ்.ஐ. வேண்டாம். காரணம், அவர்கள் வெளிநாட்டவர். வெளிநாட்டுத் தொழிலாளி என்று பதிந்தால் விதியே வேறு. முழுச் சம்பளத்துக்கும் பிடிக்க வேண்டும், கம்பெனியும் அதற்கு ஈடாகப் போட வேண்டும், பாஸ்போர்ட் எண் கொடுக்க வேண்டும். படகில் வந்தவர்களிடமும் முகாமில் பிறந்தவர்களிடமும் பாஸ்போர்ட் எங்கே இருக்கும்?

ஏழாவது மாதம், சிவயோகம் என்ற பெண்ணின் விரல், தோலின் ஓரத்தைச் சீவும் மெஷினில் மாட்டியது. நுனி போய்விட்டது. கம்பெனி வண்டியில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டு, முகாம் வாசலில் இறக்கிவிட்டார்கள். விரல் ஆறும்வரை வர வேண்டாம் என்றார்கள். அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை. அட்டை இருந்திருந்தால் வைத்தியமும் கிடைத்திருக்கும், விடுப்புக்குப் பணமும் வந்திருக்கும்.

அன்று மாலை பிரிசில்லா அம்மையார் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "இன்னா சார் நியாயம் இது? நம்ம மெஷின் அவ விரலை எடுக்கலாம். நம்ம கார்டு மட்டும் அவ கையில இருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

நான் நிர்வாகத்திடம் போனேன். அதுவரை நான் செய்தது சரி. அவர்கள் ஒரு வழி சொன்னார்கள். படிவத்தில், 'இவர் வெளிநாட்டுத் தொழிலாளியா' என்று ஒரு கேள்வி இருக்கிறது. 'இல்லை' என்று போட்டுவிடுங்கள். மற்றவர்களைப் போல ஏற்றிக்கொள்ளலாம். முகாம் சான்று எதையும் வாங்கி ஃபைலில் வைக்க வேண்டாம். எழுத்தில் ஒன்றும் வேண்டாம். நான் அப்படியே வந்து அம்மையாரிடம் சொன்னேன்.

அவர் மறுத்தார். 'ஆமாம்' என்றே எழுதுவோம், பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு என்ன வழி என்று வைப்பு நிதி அலுவலகத்துக்கே கடிதம் போட்டுக் கேட்போம் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இதைச் செய்யாவிட்டால் முப்பத்தெட்டுப் பேரும் வெளியே போவார்கள் என்றேன். "இல்லைன்னு போட்டுடுங்க மேடம். எது வந்தாலும் நான் பாத்துக்கறேன்" என்றேன்.

சகோதரிகளே, தோழர்களே, நான் சொன்ன வார்த்தை அது. எது வந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டு நாள் அவர் அந்தப் படிவங்களைத் தொடவில்லை. மூன்றாம் நாள் எழுதினார். ஏற்கெனவே முகாம் சான்று வாங்கி வைத்திருந்த பாதிப் பேருடைய ஃபைலில் இருந்து அதை எடுக்கச் சொன்னேன். அதை மட்டும் அவர் செய்யவில்லை. அட்டைகள் வந்தன. அதற்குப் பிறகு அந்த அட்டையில் பிரசவம் பார்த்தவர்கள் உண்டு, கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் உண்டு. அவர்களில் பலர் இன்று இங்கே இருக்கிறீர்கள். பொய்யால் கிடைத்த நன்மைதான். ஆனால் நன்மை கிடைத்தது என்பதும் பொய் இல்லை.

ஆறு ஆண்டுகள் கழித்துச் சிவயோகம் நோயில் இறந்துபோனார். அவருடைய கணவரும் மகள் தர்சினியும் குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு கொடுத்தார்கள். மனு திரும்பி வந்தது. படிவத்தில் இந்தியர் என்று இருக்கிறது, இறப்புச் சான்றிலும் முகாம் அட்டையிலும் இலங்கை அகதி என்று இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தானா என்று வைப்பு நிதி அலுவலகத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கம்பெனியிடம் விளக்கம் கேட்டார்கள். நிர்வாகம் உடனே உள்விசாரணை என்று ஒன்றை வைத்தது.

அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். யார் சொல்லி இப்படி எழுதினீர்கள் என்று அம்மையாரைக் கேட்டார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேசுவேன் என்று காத்திருந்தார். எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்; அந்த நேரம் முழுவதும் நான் மேஜை மேல் இருந்த என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஓய்வு பெற மூன்று ஆண்டுகள் இருந்தன. மகள் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எல்லோருக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும், இல்லையா?

கடைசியில் அவரே சொன்னார். "எழுதுனது நான். கையெழுத்து என்னுது. எழுதிக்குங்க."

அந்த மாதமே அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். நான் என் மூன்று ஆண்டுகளை முடித்து, சால்வையும் பாராட்டு மடலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அவர் வீட்டில் உட்கார்ந்தாரா? இல்லை. தையல் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு ஜாக்கெட் தைத்துப் பிழைத்தார். செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வேலூர் வைப்பு நிதி அலுவலகத்துக்குப் போனார். ஒவ்வொருவருக்கும் தனி மனு. ஒவ்வொரு மனுவிலும் முதல் வரி ஒன்றுதான்: 'இவர் இந்தியர் என்று தவறாக எழுதியவள் நான், இவர்மேல் பிழை இல்லை.' தன்மேல் வழக்கு வரலாம் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டார். பதினான்கு மாதம் கழித்துச் சிவயோகத்தின் குடும்பத்துக்கு ஓய்வூதியம் வந்தது. தர்சினி அந்தச் செய்தியைச் சொல்ல வந்தபோது, "அக்கா, அம்மா ஆரெண்டு இப்பதான் ஒத்துக்கொண்டிருக்கினம்" என்று சொல்லி அழுததாக ஜாஸ்மின் என்னிடம் சொன்னார்.

அதற்குப் பின் பதினெட்டுப் பேருக்குச் சரியானது. ஃபைலில் முகாம் சான்று இருந்ததால் அவர்களுக்கு முடிந்தது. மற்ற பத்தொன்பது பேருக்கு ஃபைலில் ஒன்றும் இல்லை. இல்லாமல் செய்தவன் நான். அவர்களை வேலைக்கு எடுத்தபோது பொறுப்பில் இருந்த அதிகாரி, அதாவது நான், நடந்ததை எழுத்தில் தர வேண்டும் என்று கேட்டார்கள். நிர்வாகமோ, எங்களுக்கு ஒன்றும் தெரியாது, குமாஸ்தா செய்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

இந்த வருடம் பொங்கல் கழிந்து அம்மையார் என் வீட்டுக்கு வந்தார். காலில் கட்டுப் போட்டிருந்தார். சர்க்கரைப் புண், ஜாஸ்தி ஒன்றும் இல்லை என்றார். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. பத்தொன்பது பெயர்கள் எழுதிய தாளை நீட்டி, "உங்க ஒரு கையெழுத்து போதும் சார்" என்றார். ஒரு வாரம் டயம் கொடுங்கள் என்றேன். ஒரு வாரம் போனது, மாதங்கள் போயின. இரண்டு முறை போன் செய்தார். முதல் முறை ஏதோ சாக்குச் சொன்னேன். இரண்டாவது முறை எடுக்கவில்லை.

அந்தக் காலோடுதான் அவர் செவ்வாய்க்கிழமைகளில் நடந்தார். புண் எலும்பு வரை போனது. ஆயிரத்து இருநூறு பேருக்கு இ.எஸ்.ஐ. அட்டை வாங்கிக் கொடுத்தவருக்குத் தன் பெயரில் ஓர் அட்டை இல்லை. வேலை போனபோதே அதுவும் போய்விட்டது. முகாம் பெண்கள் முறை வைத்து ஆஸ்பத்திரியில் காவல் இருந்தார்கள். சேர்த்த பதினோராம் நாள் அவர் உயிர் பிரிந்தது.

அடக்கத்துக்கு வந்தபோது ஜாஸ்மினிடம் கேட்டேன். அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று. என் மனம் எதை எதிர்பார்த்தது என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பெண் மழுப்பவில்லை. "கோபமாத்தான் இருந்தாங்க சார். கடைசி வரைக்கும் கோபமாத்தான் இருந்தாங்க" என்றார்.

நன்றி ஜாஸ்மின். நீங்கள் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருந்தால், நான் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு வருடம் ஓட்டியிருப்பேன்.

மரியாதைக்குரியவர்களே, நடந்ததை மூன்று பக்கத்தில் எழுதி, இன்று காலை நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்தச் சான்றுகளை வாங்க வேண்டாம் என்றது, எல்லாம் அதில் இருக்கிறது. பத்தொன்பது பெயர்களும் இருக்கின்றன. நாளைக் காலை பத்து மணிக்கு அதை வேலூரில் நேரில் கொடுக்கிறேன். கம்பெனி என்மேல் வழக்குப் போடலாம். போடட்டும். ஆனால் அந்தப் பத்தொன்பது பேரை வேலையை விட்டு நிறுத்தப் பார்ப்பார்கள். அதை நான் ஒருவன் தடுக்க முடியாது. சங்கம் தடுக்க வேண்டும். லைனில் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கும் நீங்கள் தடுக்க வேண்டும். அதற்கு இந்தக் கூட்டத்தில் உறுதி கொடுப்பீர்களா? கொடுப்பதாக இருந்தால் கை தட்ட வேண்டாம். நாளை ஏழரை மணிக்கு ஆம்பூர் பஸ் நிலையத்துக்கு வாருங்கள்.

அம்மையாரே, இங்கே பேசிய எல்லோரும் உங்கள் படத்துக்கு மாலை போட்டார்கள். நான் போடவில்லை. பத்தொன்பது பெயரும் சரியாகட்டும். அதற்குப் பிறகு ஜாஸ்மினைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு உள்ளே விட்டால், வந்து போடுகிறேன்.